டிரம்ஸ் மிஷின் மாதிரி அடிக்கிறது, தப்பு மேளத்தோடும் சேர மாட்டேன் என்கிறது – என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம்_ரெக்கார்டிங்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கிறது, அதைத்தான் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், 5 இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு எஸ்எம்57 மைக், ஒரு கண்டென்சர் மைக். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர், டிரம்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கிற எம்டி பவர் டிரம்கிட்.

கோவில் திருவிழாவுக்கு ஒரு பாட்டு செய்கிறோம். கொடியேற்றத்தன்று மைக் செட்டில் போட வேண்டும், அப்புறம் யூட்யூபிலும் ஏற்ற வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் நடப்பதால் பாடுகிறவர், தப்பு மேளம் அடிக்கிற மாமா எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருகிறார்கள். ஜூன் 14 தாண்டி விசைப்படகு இறங்கிவிட்டால் ஒருவரையும் பிடிக்க முடியாது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

சிக்கல் மூன்று. முதலாவது, டிரம்ஸை மவுஸால் ஒவ்வொரு அடியாக வைத்திருக்கிறேன். ஆறெட்டுத் தாளம், வேகம் 96. ரீப்பர் திரையின் கட்டத்தில் எல்லாம் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் உயிரே இல்லை. சரி என்று ஹ்யூமனைஸ் பொத்தானை அழுத்தினால் குடித்துவிட்டு வந்து அடித்த மாதிரி ஆகிறது. இரண்டாவது, கிக், அதாவது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம். நான் உட்கார்ந்து கேட்கிற இடத்தில் கிக்கே இல்லாத மாதிரி இருக்கிறது என்று ஏற்றினேன், அதை மச்சான் காரில் போட்டால் கதவு அதிர்கிறது, அதே பாட்டைப் போனில் போட்டால் கிக்கைக் காணவே காணோம். மூன்றாவது, மாமாவுக்கு ஹெட்போனில் வேகம் சொல்கிற கிளிக் சத்தம் ஒத்து வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தால் அபாரமாக அடிக்கிறார், ஆனால் அது என் டிரம்ஸோடு சேரவில்லை.

சுப்பீரியர் டிரம்மர் சாஃப்ட்வேர் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். 200 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டுமாம். எங்கள் தெரு நெட்டில் அது இறங்கி முடிப்பதற்குள் அடுத்த தடைக்காலம் வந்துவிடும். காசு போட்டால் நிஜமாகவே தீருமா?

தொண்டி_பேட்:

தம்பி, வாங்காதே. இப்போதைக்கு வேண்டாம். நீ வைத்திருக்கிற இலவச டிரம்கிட்டே போதும், உன் சிக்கல் சத்தத்தில் இல்லை, அடிக்கிற விதத்தில் இருக்கிறது. அந்த 200 ஜிபியிலும் இதே மாதிரி மவுஸால் எல்லா அடியையும் 100 வெலாசிட்டியில் (அடியின் பலம்) வைத்தால் இதே மிஷின்தான் வரும், இன்னும் தெளிவான மிஷின்.

முதலில் ஒன்றைச் சோதித்துப் பார். உன் மிடி கிளிப்பை (எந்த அடி எப்போது விழுகிறது என்ற பதிவு) திறந்து, ஒரே நேரத்தில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணு. டிரம்ஸ்காரனுக்கு இரண்டு கை, இரண்டு கால். ஸ்னேர் டிரம்முக்கு ஒரு கை, ஹைஹாட் தட்டுக்கு ஒரு கை, அதே நொடியில் கிராஷ் தட்டும் விழுந்தால் அதை அடித்தது யார்? டாம் டிரம்கள் மேல் உருட்டிக்கொண்டு வரும்போது பின்னால் ஹைஹாட் மட்டும் நிற்காமல் ஓடுகிறதே, அது யார்? கேட்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று காது சொல்லிவிடும். உருட்டு வரும் இடத்தில் ஹைஹாட்டை அழி. கிராஷ் விழும் இடத்தில் அந்த ஒரு ஹைஹாட் அடியை அழி, கிராஷுக்கு அடியில் கிக் ஒன்று வை. இதை மட்டும் செய்தாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது வெலாசிட்டி. ஆறெட்டில் ஹைஹாட் ஆறு அடி வருகிறது அல்லவா, அந்த ஆறும் ஒரே பலத்தில் இருக்கக் கூடாது. நான் வழக்கமாக வைப்பது 104, 58, 74, 96, 55, 78. முதல் அடியும் நான்காவது அடியும் குச்சியின் தோள் ஹைஹாட் விளிம்பில் விழுகிற அடி, இரண்டும் ஐந்தும் மணிக்கட்டு சும்மா திரும்பும்போது நுனி தொட்டுவிட்டுப் போவது, மூன்றும் ஆறும் அடுத்த பெரிய அடிக்குக் கை தூக்குவதற்கு முன்னால் வருவது. மேஜையில் விரலால் அடித்துப் பார், கையே சொல்லும். கிக் ஒன்றாம் அடியில் 110, ஆறாம் அடியில் 85. ஸ்னேர் நான்காவதில் 112. மூன்றாவதிலோ ஐந்தாவதிலோ 30, 35 அளவில் சின்னதாக ஒரு ஸ்னேர் தட்டு வை. தனியாகக் கேட்டால் அது இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால்தான் தெரியும். இந்த எண்களை அப்படியே எடுத்து எல்லா பாரிலும் (தாளத்தின் ஒரு சுற்று) ஒட்டிவிடாதே, நாலு பாராவது கையால் மாற்று.

ஹ்யூமனைஸ் பொத்தான் ஏன் வேலைக்கு ஆகவில்லை என்றால், அது எல்லா அடியையும் கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளுகிறது. மனுஷன் அப்படித் தவறுவதில்லை. அவன் ஒரு பக்கமாகச் சாய்வான். 96 வேகத்தில் ஒரு துடிப்பு 625 மில்லி செகண்ட், அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு சின்ன அடிக்கு ஏறக்குறைய 208. அதில் ஸ்னேரை மட்டும் மொத்தமாக 6, 8 மில்லி செகண்ட் பின்னால் தள்ளு, கிக் கட்டத்திலேயே இருக்கட்டும். பாட்டு உட்கார்ந்து நடக்கிற மாதிரி ஆகும். ஓட வேண்டிய பாட்டு என்றால் ஹைஹாட்டை 4, 5 முன்னால் இழு. உருட்டு அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் முந்தலாம், நிஜத்தில் எல்லாரும் முந்துவார்கள்.

மவுஸையே விட்டுவிட முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் பக்கம் லைட் மியூசிக் குழு எதிலாவது ரோலண்டு பேட் (குச்சியால் அடிக்கிற எலக்ட்ரானிக் டிரம்) வைத்திருக்கிற ஆள் கட்டாயம் இருப்பார். எஸ்பிடி-20 என்றால் எட்டு பேட், பின்னால் மிடி அவுட் இருக்கிறது, உன் இன்டர்ஃபேஸில் மிடி இன் இருந்தால் நேராகச் செருகலாம், இல்லையென்றால் ஒரு யூஎஸ்பி மிடி கேபிள் வாங்கு. எஸ்பிடி-30 என்றால் யூஎஸ்பியே உண்டு. பேட்டின் நோட் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹாட் 42, திறந்தது 46, கிராஷ் 49. முதல் சுற்றில் கிக்கும் ஸ்னேரும், அடுத்த சுற்றில் ஹைஹாட், கடைசியில் உருட்டு என்று தனித்தனியாக அடிக்கச் சொல். பஃபரை (ஒலியைக் கணினி சேர்த்துவைத்து அனுப்புகிற அளவு) 128க்குக் குறைத்துக்கொள், 48000 சாம்பிள் ரேட்டில் அது 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. 1024இல் வைத்தால் 21 ஆகிவிடும், அடிக்கிறவருக்குக் கை தடுமாறும். அடித்து முடித்தபின் குவாண்டைஸ் (அடிகளைக் கட்டத்துக்கு இழுப்பது) 100 சதவீதம் போடாமல் 60, 70 போடு. வெலாசிட்டியில் கை வைக்காதே.

உச்சிப்புளி_கீபோர்டு:

இவ்வளவு பாடு எதற்கு? அந்த எம்டி பவர் டிரம்கிட்டுக்குள்ளேயே ரெடிமேட் குரூவும் (அடித்து வைத்த தாளத் துண்டு) உருட்டும் இருக்கிறது, இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. நிஜ டிரம்மர் அடித்த மிடி ஃபைல்கள் தனியாகவும் விற்கிறார்கள். கெடு நெருங்குகிறவனுக்கு 58, 74 என்று எண் சொல்லிக் கொடுத்தால் அவன் எப்போது பாட்டு முடிப்பது?

இன்னொன்று, மிஷின் மாதிரி இருப்பதே தவறு என்று யார் சொன்னது? 808 டிரம் மிஷின் வந்தது 1980. அதே வருஷம்தான் நிஜ டிரம் சத்தத்தைச் சாம்பிள் எடுத்துப் போட்ட லின் எல்எம்-1 வந்தது, குவாண்டைஸும் ஷஃபிளும் அதிலேயே உண்டு. மிஷினை மிஷினாகவே வைத்து எத்தனையோ நல்ல பாட்டு வந்திருக்கிறது. தப்பு நிஜமாக அடிக்கட்டும், அதற்கு அடியில் மிஷின் நேராக ஓடட்டும். இரண்டும் மனுஷன் மாதிரி ஆட்டம் போட்டால் பாட்டுக்கு முதுகெலும்பு எது?

தொண்டி_பேட்:

கடைசியில் சொன்னீர்களே அண்ணே, அதில் ஞாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிஷின் நேராக ஓட வேண்டுமென்றால் தப்பு அதைக் கேட்டு அடிக்க வேண்டும், இங்கே மாமா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாரே! ரெடிமேட் குரூவை எடுத்துக்கொண்டு அதில் கை வைப்பது நல்ல வழிதான். ஆனால் நம்ம ஊர் ஆறெட்டு நடை அப்படியே வெளிநாட்டுக் குரூவில் கிடைக்காது, அவர்கள் ஆறெட்டு பெரும்பாலும் மெதுவான பாட்டுக்கு அடிக்கிற ஆறெட்டு. திருவிழாவில் கால் நிற்கக் கூடாது. எடுத்தாலும் கிக்கை மாற்றாமல் விடாதே தம்பி.

மண்டபம்_மைக்செட்:

கிக் விஷயத்துக்கு வருகிறேன், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உன் கிக்கில் கோளாறு இல்லை, அறையில்தான் கோளாறு. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் அரை அலை கச்சிதமாகப் பொருந்துகிற இடம் 343ஐ 6.1ஆல் வகுத்தால் கிடைக்கும், 56 ஹெர்ட்ஸ். நீளத்துக்கும் 56, அகலத்துக்கும் 56. மேல்தளமும் பத்தடி உயரத்தில் இருந்தால் மூன்றுக்கும் அதே. சதுர அறை என்றாலே இதுதான் தொல்லை, எல்லாம் ஒரே இடத்தில் குவியும். அறையின் நட்ட நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்த 56 உன் காதுக்கு வரவே வராது, எழுந்து போய் மூலையில் நின்றால் திம் திம் என்று அமுக்கும். கிக்கின் அடிச் சத்தம் (பேஸ்) 50க்கும் 80க்கும் இடையில்தான் இருக்கிறது. ஆக நீ கேட்காத ஒன்றை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாய். கார் உண்மையைச் சொல்லிவிட்டது.

சந்தேகமாக இருந்தால் ரீப்பரில் 56 ஹெர்ட்ஸ் டோன் ஒன்று ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்து பார். எங்கே காணாமல் போகிறது, எங்கே பெரிதாகிறது என்று உனக்கே தெரியும். ஜன்னல் கொக்கி, டியூப்லைட் பட்டி எது எது கூடவே அதிர்கிறது என்பதும் தெரியும், அதையெல்லாம் இறுக்கு. நாற்காலியை நடுவிலிருந்து எடு. மானிட்டர் இருக்கிற சுவரிலிருந்து சுமார் நான்கு அடியில் காது வருகிற மாதிரி உட்கார். முட்டை அட்டை ஒட்டுவதை மறந்துவிடு, அது அடிச் சத்தத்தை ஒன்றும் செய்யாது. காசு செலவழிக்கத் தோன்றினால் ஏசி டக்ட் வேலை செய்கிறவர்களிடம் 48 கிலோ அடர்த்தி ராக்வூல் பலகை கேட்டு வாங்கி, துணி சுற்றி, நான்கு மூலையிலும் எவ்வளவு தடிமனாக முடியுமோ அவ்வளவு தடிமனாக நிறுத்து. அந்தக் காசு பிளக்இன் சாஃப்ட்வேரில் போடுகிற காசை விட உனக்குப் பலன் தரும். அதுவரை கிக்கையும் பேஸையும் ஹெட்போனில்தான் முடிவு செய்ய வேண்டும். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை அதே புராஜெக்டில் ஒரு டிராக்கில் போட்டு, சத்தத்தை உன் மிக்ஸுக்குச் சமமாகக் குறைத்து, மாற்றி மாற்றிக் கேள்.

போனில் கிக் கேட்காதது வேறு கதை. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸ் கொடுக்கவே முடியாது, நீ எவ்வளவு ஏற்றினாலும் கொடுக்காது. கிக்குக்கு மேலே ஒரு பல் வேண்டும். 300 பக்கம் 3 டிபி வெட்டு, அந்த இடத்தில்தான் அட்டைப்பெட்டிச் சத்தம் இருக்கிறது. 3000 பக்கம் 3, 4 டிபி தூக்கு, பீட்டர் (கிக்கின் மிதிக்கட்டைச் சுத்தி) தோலில் படுகிற டக் வெளியே வரும். அப்புறம் கொஞ்சமாக ஒரு சேச்சுரேஷன் போடு, அது 60இன் மடங்குகளை 120, 180 என்று உண்டாக்கும், அதைக் கேட்டு காது கீழே கிக் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அடிப் பக்கத்தை ஏற்றாதே, இறக்கு.

இதே விஷயம் திருவிழாவுக்கும் பொருந்தும், சொல்லப்போனால் போனை விட அங்கேதான் முக்கியம். மேடைப் பக்கம் டாப்பும் பேஸ் பெட்டியும் இருக்கும், ஆனால் தெரு நெடுகக் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். குழாயில் 300க்குக் கீழே ஏதும் பெரிதாக வராது. நான் கட்டுகிற செட்டில் எத்தனையோ பேர் பென்டிரைவ் கொண்டுவந்து தருகிறார்கள், ஸ்டுடியோவில் கும்மென்று இருந்த பாட்டு குழாயில் வெறும் ஹைஹாட்டும் குரலுமாகப் போகும், பாட்டுக்காரர் என்னை முறைப்பார். உன் தாளம் முழுக்க கிக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் கடைசித் தெருவில் தாளமே இருக்காது. தப்பு இருப்பது உன் அதிர்ஷ்டம், அதன் குச்சிச் சத்தம் குழாயில் அருமையாகப் போகும். குழாய் எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள மாஸ்டரில் ஒரு ஈக்யூ (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளை ஏற்றி இறக்குவது) போட்டு 300க்குக் கீழேயும் 5000க்கு மேலேயும் வெட்டி, மோனோ ஆக்கிக் கேள். அதில் தாளம் புரிந்தால் சரி. மோனோ ஏன் என்றால் செட்டில் இடது வலது கிடையாது. அகலப்படுத்துகிற பிளக்இன் எதையாவது டாமில் போட்டிருந்தால் மோனோவில் டாம் காணாமல் போகும், எடுத்துவிடு.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ஹைஹாட்டில் 300க்குக் கீழே வெட்டு. ஸ்னேருக்கு உடம்பு 200 பக்கம், கீறல் 5000 பக்கம். எல்லா டிரம்ஸையும் ஒரு பஸ்ஸில் (கூட்டு டிராக்) சேர்த்து கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது) 4க்கு 1, அட்டாக் 30 மில்லி செகண்ட், ரிலீஸ் 100, ஊசி 2, 3 டிபிக்கு மேல் ஆட வேண்டாம். அட்டாக்கை 1இல் வைத்தால் அடியின் முனை மழுங்கிவிடும், அதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள். ரிவெர்ப் சின்ன அறையாக 0.6, 0.7 நொடி போதும். தெருவே எதிரொலிக்கும், நீ இரண்டு நொடி ரிவெர்ப் போட்டு அனுப்பினால் அங்கே கஞ்சியாகிவிடும்.

கீழக்கரை_தப்ஸ்:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தப்ஸ் (கையால் அடிக்கிற வட்டத் தோல் வாத்தியம்) அடிக்கிறவன், ஒன்றிரண்டு ரெக்கார்டிங் வீட்டில் செய்திருக்கிறேன், தப்பு அண்ணன்களோடும் வேலை செய்திருக்கிறேன். மூன்றாவது சிக்கலை யாரும் தொடவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

மாமாவுக்கு கிளிக் ஒத்து வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஒத்து வர வேண்டும்? அவர் ஆளோடு சேர்ந்து அடித்துப் பழகியவர், பீப் பீப் என்று காதில் குத்தினால் கை இறுகிவிடும். வரிசையை மாற்றுங்கள். முதலில் தப்பும் பாட்டும். பாடுகிறவரும் மாமாவும் எதிரெதிரே இருந்து, கிளிக் இல்லாமல், முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் அடிக்கட்டும். குரலை அப்புறம் தனியாக எடுத்துக்கொள்ளலாம், இது தாளத்துக்காக. ஆரம்பிக்கும் முன் 96இல் ஒரு ஜால்ரா ஒலியை நான்கு பார் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள், வேகம் மனதில் நின்றுவிடும். பிறகு ரீப்பரில் ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் ஒரு டெம்போ மார்க்கர் (வேகக் குறி) வைத்துக்கொண்டே வாருங்கள். கட்டம் மாமாவின் கைக்கு ஏற்ப வளையும். பல்லவியில் 95, கடைசி சரணத்தில் 99 என்று ஏறியிருக்கும், ஏறட்டும், அதுதான் திருவிழா. அந்த வளைந்த கட்டத்தில் உங்கள் டிரம்ஸை வைத்தால் தானாகச் சேரும். உச்சிப்புளி அண்ணன் முதுகெலும்பு கேட்டாரே, முதுகெலும்பு தப்பு. டிரம்ஸ் அதன் பின்னால் போகட்டும்.

ரெக்கார்டிங் எடுக்கும்போது இந்தக் கடற்கரையில் ஒரு பெரிய விஷயம் ஈரக்காற்று. தோல் சீக்கிரம் தொய்கிறது. பனை ஓலையோ வைக்கோலோ கொளுத்திக் காய்ச்சி அடித்தால் ணங்கென்று இருக்கிறது, இரண்டு சரணம் முடிவதற்குள் சத்தம் இறங்கத் தொடங்கிவிடும். நேரில் கேட்கும்போது தெரியாது, அடுத்த டேக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டும்போதுதான் இரண்டு வேறு தப்பு மாதிரி கேட்கும். அதனால் முதல் டேக்கில் நன்றாகக் காய்ந்த தோலில் நடுவில் ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லி அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் அதே மாதிரி ஒரு அடி, இரண்டையும் ஒப்பிட்டு, இறங்கியிருந்தால் திரும்பக் காய்ச்சிய பிறகுதான் ரெக்கார்ட் பொத்தான். காய்ச்சுவது மொட்டைமாடியில், அறைக்குள் வேண்டாம், புகை மைக்குக்கும் ஆகாது. எங்கள் தப்ஸில் இப்போது பல பேர் பிளாஸ்டிக் தோல் போட்டுவிட்டார்கள், இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மாமாவிடம் அதைச் சொல்லாதீர்கள், கோபித்துக்கொள்வார்.

மைக்கை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் தூரத்தில் வைத்தால் மெல்லிய சுண்டுகுச்சியின் சுளீர் மட்டும்தான் வரும், தடித்த அடிகுச்சியின் உடம்பு வராது. எஸ்எம்57ஐ இரண்டரை, மூன்று அடி தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அது ஒன்றே போதும். கண்டென்சரையும் தூரத்தில் வைக்க ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள், இரண்டுக்கும் மூன்றடி வித்தியாசம் என்றால் சத்தம் ஏறக்குறைய 2.7 மில்லி செகண்ட் பிந்தி வரும், சேர்த்துக் கேட்டால் தப்பு மெலிந்துவிடும். ஒன்றில் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) திருப்பிக் கேளுங்கள், எது தடிப்பாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிந்தியதை இழுத்து முதலாவதோடு பொருத்துங்கள். கண்டென்சரை வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் போட்ட மூடி இறுகுகிற டப்பாவில் வைக்க வேண்டும், கடற்கரையில் ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் கொஞ்ச நாளில் சரசரவென்று பொரிய ஆரம்பித்துவிடும். கச்சான் காற்று ஜன்னலில் மோதும் நேரத்தில் எடுத்தீர்கள் என்றால் தப்பு டிராக்கில் 80க்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே உங்களுக்கு வேண்டியது ஏதும் இல்லை.

கடைசியாக ஒன்று, மிக்ஸிங்குக்கு முன்னால் செய்ய வேண்டியது. சுண்டுகுச்சி சுளீர் சுளீர் என்று அடிக்கிற இடத்தில்தான் உங்கள் ஸ்னேரும் ஹைஹாட்டும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஈக்யூவில் சண்டை போடுவதை விட, தப்பு முழு வீச்சில் வரும் இடத்தில் ஹைஹாட்டை நிறுத்திவிடுங்கள், ஸ்னேருக்குப் பதில் சைடு ஸ்டிக் (ஸ்னேர் விளிம்பில் குச்சியால் தட்டுவது) வையுங்கள், நோட் 37. கிக் மட்டும் கீழே நடக்கட்டும். பல்லவிக்கு டிரம்ஸ் முழுதாக வரட்டும். அப்போதுதான் பல்லவி வந்தது என்றே தெரியும்.

தொண்டி_பேட்:

பாய் சொன்னதுதான் சரி. நான் டிரம்ஸை முதலில் வைத்துவிட்டு யோசித்தேன். தப்பை முதலில் எடுத்துவிட்டால், நான் சொன்ன அந்த ஸ்னேர் பின்னால் தள்ளுவதும் வேண்டாம், மாமா எங்கே வைக்கிறாரோ அதற்கு நேராக வை. வெலாசிட்டி மட்டும் சொன்னபடி செய்.

தங்கச்சிமடம்_ரெக்கார்டிங்:

எல்லாருக்கும் நன்றி அண்ணே, நன்றி பாய். பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலையிலேயே இருந்தேன்.

56 டோன் போட்டு நடந்து பார்த்தேன். என் நாற்காலி இருந்த இடத்தில் ஓடுகிறதா என்றே தெரியவில்லை, கதவோரம் போனால் நெஞ்சில் இடிக்கிறது, கீழே அம்மா என்னடா மோட்டார் போட்டாயா என்று கேட்டார்கள். நாற்காலியையும் மேஜையையும் தள்ளிப் போட்டுவிட்டேன். கிக்கைத் தெரிந்த பாட்டோடு ஒப்பிட்டு 5 டிபி இறக்கினேன், 3000 தூக்கி சேச்சுரேஷன் போட்டேன், போனிலேயே டக் டக் என்று கேட்கிறது, மச்சான் கார் கதவும் பேசாமல் இருக்கிறது.

தப்பை கிளிக் இல்லாமல் பாட்டோடு எடுத்தோம். பாய் சொன்ன மாதிரி ஒற்றை அடி வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பயங்கரம். மாமாவுக்கே ஆச்சரியம், அப்புறம் அவரே காதை வைத்துக் கேட்டு இறங்கிப்போச்சு, காய்ச்சிட்டு வர்றேன் என்று எழுந்துவிடுகிறார். மார்க்கர் வைப்பதுதான் முதுகு வலி. ஆனால் வைத்து முடித்த பாகத்தில் டிரம்ஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது. சரணத்தில் ஹைஹாட்டை எடுத்துவிட்டு சைடு ஸ்டிக் வைத்துவிட்டேன். பேட் அடிக்கிற ஒருவரும் ஊருக்குள்ளேயே கிடைத்துவிட்டார், பல்லவிக்கு அவர் வருகிறார்.

இன்னும் ஒரு சந்தேகம். கடைசியில் சத்தம் எவ்வளவு வைப்பது? யூட்யூபுக்கு ஒன்று, செட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய வேண்டுமா? ஒரு நண்பர் லிமிட்டரை (உச்சிச் சத்தத்தை அடக்குவது) நன்றாக அமுக்கினால்தான் எடுபடும் என்கிறார், அமுக்கினால் தப்பின் சுளீர் போய்விடுகிறது.

உச்சிப்புளி_கீபோர்டு:

அமுக்காதே. யூட்யூப் மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரிச் சத்தத்தின் அளவை) அளவுக்கு மேல் போனதைக் குறைத்துத்தான் போடும். நீ தப்பின் முனையை நசுக்கி மைனஸ் 8க்கு ஏற்றினாலும் அங்கே கீழே இறக்கிவிடுவார்கள், நசுங்கினது மட்டும் நசுங்கினதாகவே இருக்கும். ஆனால் ரொம்பக் குறைவாக வைத்தாலும் அவர்கள் ஏற்றித் தர மாட்டார்கள். அதனால் மைனஸ் 14இலிருந்து 12க்குள், உச்சி மைனஸ் 1. ரெடிமேட் குரூ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாய், பரவாயில்லை, பாட்டை அனுப்பு, கேட்கிறேன்.

மண்டபம்_மைக்செட்:

செட்டுக்குத் தனி மிக்ஸ் வேண்டாம், அதே மிக்ஸ்தான், ஆனால் மோனோவில் ஒரு காப்பி எடு, அடியில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. ஆம்ப்ளிஃபயருக்கு அது வீண் சுமை. சத்தத்தை ஏற்றுவது என் வேலை, அதற்குத்தான் மிக்சர் இருக்கிறது. பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, வேவ் ஒன்றும் 320 எம்பி3 ஒன்றும் இரண்டையும் போட்டுக் கொடு, சில பிளேயர் வேவ் எடுக்காது. அதில் வேறு எந்தப் பாட்டும் இருக்கக் கூடாது. ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் சின்னதாக வை, ராத்திரி இருட்டில் அந்த ஒற்றை வரி டிஸ்ப்ளேயில் தமிழ் கட்டம் கட்டமாக வரும், நான் எதைப் போடுவது?

உங்கள் செட்காரர் யாராக இருந்தாலும், கொடியேற்றத்துக்கு முதல் நாள் சாயங்காலம் குழாய் கட்டி முடித்ததும் போய் நில். ஒரு முறை ஓடவிடச் சொல்லிவிட்டு நீ மேடையில் நிற்காதே, கடைசிக் குழாய் இருக்கிற தெருவுக்கு நடந்து போ. அங்கே குரலும் தப்பும் தெளிவாக இருந்தால் விட்டுவிடு. ஸ்னேர் குரலை மறைக்கிறது என்று தோன்றினால் ராத்திரி வீட்டுக்குப் போய் ஸ்னேரை 2 டிபி இறக்கி வேறு காப்பி எடு. செட்காரரிடம் மிட் குறையுங்கள் என்று மட்டும் கேட்காதே, அவர் குறைத்தால் மறுநாள் சாமியார் பேசுவதும் சேர்ந்து போய்விடும்.